பலகையில் வாசித்தவர்

செத்தவரின் கைக் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெங்கடராமன் துணிக்கிழிசலால் கட்டிக்கொண்டிருந்தான். அண்ணாவின் விரல்கள் நீளம். கட்டு வழுக்கியது.

"இறுக்காதேடா" என்றாள் கனகலக்ஷ்மி.

"இனிமே என்ன வலிக்கப்போறது, மன்னி?"

 புருஷனின் பத்து நாள் காய்ச்சலுக்குக் கண்விழித்ததில் அவளுக்குக் கண் எரிந்தது. அழவும் தெம்பில்லை.

ஜகதீசன் மைசூர் அரண்மனையில் முப்பது வருஷம் பியானோ வாசித்தவர். தர்பாருக்கு வந்த வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். அவள் அங்கே போனதில்லை. வீட்டில் பியானோ கிடையாது. ஒரு பலாப்பலகையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டைகள் வரைந்து, அதில்தான் சாதகம். அடுப்படியில் அவளுக்குக் கேட்டதெல்லாம் டொக் டொக். நாலாம் நம்பர் என்று அவர் சொல்லும் உருப்படியில் ஒரு இடம் வரும். விரல்கள் வலப்பக்கமாக வேகமாக ஏறும், சட்டென்று சத்தம் நின்றுவிடும்.

"இன்னிக்கும் அங்கயே தடுக்கிட்டேளா?" என்று உள்ளிருந்தே கேட்பாள். முப்பது வருஷமும் கேட்டாள்.

"ஆமாண்டி, அங்கயேதான்" என்பார்.

அரண்மனையில் கிளாரினெட் வாசிக்கும் கெம்பையன் மாலையோடு வந்தார். நனைந்த தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அய்யாவாட்டம் இனி யாருங்க வாசிக்கப் போறாங்க?"

"நல்லா வாசிப்பார். நாலாம் நம்பர்லதான் தடுக்குவார்."

"அய்யாவா? எந்த எடத்துலீங்க?"

"வேகமா ஏறுவாரே, அங்க."

கெம்பையன் சுவரில் சாய்த்திருந்த பலகையைப் பார்த்தார்.

"அட, அதுக்கு மேல இதுல கட்டையே இல்லீங்களேம்மா. நெசப் பியானோவுல இன்னும் ஒரு மொழம் இருக்குதுங்க. பலகை முடிஞ்சுபோச்சு. அய்யா காத்துல வாசிச்சிருப்பாரு. அரமனையில அந்த எடத்துக்குத்தான் சபையே காத்துக் கெடக்கும்."

அவள் பலகையைப் பார்த்தாள். வலது ஓரம் தேய்ந்து மழுங்கியிருந்தது.

வெங்கடராமன் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தான். "மன்னி, மழைல வெறகெல்லாம் ஈரம். அந்தப் பலகை காஞ்ச மரம்தானே, எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கோ."

அவன் பலகையைத் தூக்கிக்கொண்டு போனான். வெளியே விறகு வண்டியில் அது விழும் சத்தம் கேட்டது.

கனகலக்ஷ்மி குனிந்து விரல் முடிச்சை அவிழ்த்தாள். வலது கை மெல்ல நழுவி, பாயைத் தாண்டித் தரையில் கிடந்தது. அவள் அதை எடுத்து உள்ளே வைக்கவில்லை.