கோபத்தில் அரைத்த பச்சைச் சல்சா

யுரிதியாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். அவள் அம்மா எதெல்மிராவுக்கு அன்று வேண்டியிருந்ததும் அதுதான்.

"இன்னிக்குச் சல்சா நீதான் அரைக்கணும்," என்று மூன்று கால் கல்லுரலை மகள் பக்கம் தள்ளினாள். கோபத்தோடு அரைத்தால் சல்சாத் துவையல் நாக்கில் எரியும் என்று சோலுலா ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். விருந்தாளி வரும் நாளில் முறைத்துக்கொண்டு நிற்பவளை யாரும் உரல் பக்கம் விடமாட்டார்கள். எதெல்மிரா விட்டாள். மனதில் கிடப்பது உரலில் இறங்கட்டும் என்பது அவள் கணக்கு.

விருந்தாளி ஃபிதென்சியோ, சந்தை மூலையில் பஞ்சர் ஒட்டுபவர், எதெல்மிராவைப் போலவே துணையை இழந்தவர். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று எதெல்மிராவைக் கேட்டிருந்தார். "ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்க. என் பொண்ணு கடைசிவரைக்கும் நம்மகூட உக்காந்து சாப்பிட்டா, சரி. நடுவுல எந்திரிச்சுப் போயிட்டா, இந்தப் பேச்சே வேண்டாம்," என்று சொல்லிவிட்டாள். மகளிடமும் இதை மறைக்கவில்லை. மறைத்து ஜெயிப்பது அவளுக்குப் பிடிக்காது. ஜெயிப்போம் என்பதில் சந்தேகமும் இல்லை.

யுரிதியா அந்த ஊர்ப் பச்சைத் தக்காளிகளை மூடியிருந்த காகிதம் போன்ற காய்ந்த உறையைப் பரபரவென்று கிழித்தாள். பிசுக்குப் போகக் கழுவி அடுப்பிலிருந்த சூடான கல்லில் போட்டாள்.

"அப்பா உக்காந்த நாற்காலியில அந்தப் பஞ்சர்காரரா?"

"நாற்காலி அப்பாவோடது. பசி அவரோடது. தக்காளியப் பாருடி, வெடிச்சா சாறெல்லாம் கல்லுக்குத்தான்."

கோபத்திலும் மகளின் கை தப்பவில்லை. வெடிக்கும் முன்னே ஒவ்வொன்றாகத் திருப்பி எடுத்தாள். பிறகு ஒரு பிடி மிளகாயை அப்படியே கல்லில் கொட்டினாள். நெடி வீட்டையே தூக்கியது. இருவரும் இருமினார்கள். எதெல்மிரா ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

"உப்பு குடு."

எதெல்மிரா கிண்ணத்தை மேசையில் வைக்கப் போனாள். யுரிதியா கையை நீட்டினாள்.

"கையிலயே குடு."

"கையில உப்பு குடுத்தா சண்டை வரும்டி."

"வரட்டும்!" என்று பிடுங்கிக்கொண்டாள். சுட்ட பூண்டு, உப்பு, மிளகாய், தக்காளி என்று அவள் அரைத்த வேகத்தில் மேசையே ஆடியது. கடைசியில் வெங்காயமும் கொத்தமல்லியும் தூவினாள்.

ஃபிதென்சியோ தலையைப் படிய வாரிக்கொண்டு வந்தார். காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தார். ஓரமாகக் கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சோள ரொட்டியில் சுட்ட உப்புக்கண்டத்தை வைத்து, தாராளமாகச் சல்சா ஊற்றிக் கடித்தார்.

முதலில் காது சிவந்தது. அடுத்த வாய்க்குக் கண்ணீர் கொட்டியது. தண்ணீரைத் தொடவில்லை.

"யாரு அரைச்சது?"

"நான்தான்."

"என்மேல கோபமா?"

"ஆமா."

ஃபிதென்சியோ மறுபடியும் கரண்டியை எடுத்தார். "என் வீட்டுல என்மேல கோபப்பட ஆளில்லாமப் போயி ரொம்ப நாளாச்சும்மா," என்று சொல்லி இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார். உடனே பெரிய விக்கல் ஒன்று வந்தது. அடக்கப் பார்த்தார், அதைவிடப் பெரிதாக இன்னொன்று வந்தது.

யுரிதியாவுக்குச் சிரிப்பு முட்டியது. உதட்டைக் கடித்துக்கொண்டு எழுந்து சமையலறைக்குள் போனாள்.

ஜெயிப்போமா என்ற சந்தேகம் அன்று முதல் தடவையாக எதெல்மிராவுக்கு வந்தது. எழுந்துவிட்டாளே! இந்த மனிதர் தனக்கு எவ்வளவு வேண்டும் என்பது அப்போதுதான் அவளுக்கே உறைத்தது.

யுரிதியா உப்புக் கிண்ணத்தோடு திரும்பி வந்தாள்.

"நாக்குல ஒரு சிட்டிகை வைங்க. எரிச்சல் அடங்கும்."

ஃபிதென்சியோ கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார்.

யுரிதியா கையில் கொடுக்கவில்லை. கிண்ணத்தை அவர் தட்டுக்குப் பக்கத்தில், மேசைமேல் வைத்தாள். பிறகு தன் இடத்தில் உட்கார்ந்து ஒரு ரொட்டியை எடுத்துக்கொண்டாள்.