ஆற்றோடு போன கேப்டன்

ஷாஸியாவுக்குப் புதியவர்களிடம் பேச வராது. வாணியம்பாடியில் விலங்கியல் படித்த மூன்று வருடமும் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள். மலைமேலிருந்த விடுதிப் பள்ளிக்குத் தற்காலிக அறிவியல் ஆசிரியையாக வந்தபோது, ரக்பி ஆடும் பெண் பிள்ளைகளுடன் வெளியூர் போக ஒரு பெண் துணை வேண்டும் என்று அவளைச் சேர்த்துவிட்டார்கள். முட்டை வடிவப் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடும் அந்த ஆட்டத்தைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. பேருந்தில் பிள்ளைகளோடு பேச ஏதாவது வேண்டுமே என்று, ரக்பி ஆடக் கடல் கடந்து போனவர்களைப் பற்றிய துணுக்குகளைச் செல்பேசியில் தேடித் தேடிப் படித்து வைத்திருந்தாள்.

அந்தப் பிள்ளைகளில் சசிகலாவைப் பதினெட்டு வயதுக்கு உட்பட்டோருக்கான இந்திய அணியில் எடுத்திருந்தார்கள். மலேசியா போக வேண்டும். பாஸ்போர்ட் எடுக்க அவள் அப்பா ரங்கன் மறுநாள் கூடவே கீழே இறங்கி வர வேண்டும். அதற்குச் சம்மதம் கேட்கத்தான் பயிற்சியாளர் வெற்றிவேலும் ஷாஸியாவும் ஷேர் ஜீப்பில் வந்து, மீதி வழியை நடந்துகொண்டிருந்தார்கள்.

வழியெல்லாம் நிலம் வெறுமையாகக் கிடந்தது.

“இன்னும் விதைக்கலியா சார்?” என்றாள் ஷாஸியா.

“ரங்கனோட அண்ணன் கண்ணாயிரம் தவறிட்டாரு இல்ல. இந்த ஊர்ல சாவு வுழுந்தா, கருமம் முடியற வரைக்கும் யாரும் ஏர் பூட்ட மாட்டாங்க. நல்ல மழை, அத்தனையும் வீணாப் போச்சு.”

வீட்டுக்குள் ரங்கன் பாயை உதறி விரித்தார். அவர் மனைவி மங்கம்மாள் சாமைச் சோறும் புளிக்குழம்பும் வைத்தாள். சசிகலா கதவோரம் நின்றாள்.

“உங்க பொண்ணு ஒருத்தியை மடக்கிப் புடிச்சா, அவ எழுந்திருக்க ரெண்டு ஆள் வேணும்,” என்றார் வெற்றிவேல்.

“இங்க மட்டும் இன்னா? கெடாவையே புடிச்சுத் தள்ளிட்டா. அது இப்ப இவளைப் பாத்தா பாறை மேல ஏறிக்குது.” ரங்கன் சிரித்தார். “இதுக்கு முன்ன இப்பிடி நாடு வுட்டு நாடு போய் ஆடினவங்கள்லாம் யாரு சார்?”

“அதெல்லாம் டீச்சரைக் கேளுங்க. அவங்கதான் படிச்சு வெச்சிருக்காங்க.”

 ஷாஸியா சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள். நூறு வருஷத்துக்கு முன்னால் நியூசிலாந்திலிருந்து கப்பலில் போன அணியில் பத்தொன்பது வயது மவோரிப் பையன் ஒருவன் இருந்தான். அந்தப் பயணத்தில் ஓர் ஆட்டத்தில்கூட அவன் வெளியே உட்காரவில்லை; எல்லாவற்றிலும் ஆடினான்.

“மவோரின்னா?”

“அந்த நாட்டுப் பூர்வகுடிங்க.”

“நம்மளாட்டம்,” என்று ரங்கன் மனைவியைப் பார்த்தார். “கேட்டுக்கினியா?”

தன் பேச்சை ஒருவர் இப்படிக் கேட்டது ஷாஸியாவுக்குப் புதிது. அடுப்படியிலிருந்து மங்கம்மாள் கேட்டாள்: “அப்பிடிப் போனவங்க எல்லாம் நல்லபடியா வூடு வந்து சேந்தாங்களா டீச்சர்?”

ஆமாம் என்றிருந்தால் போதும். ஆனால் அவளுக்கு விடை தெரியும். அது ‘ஆமாம்’ அல்ல.

“ஒருத்தர் வரலைங்க. முதன்முதலா இங்கிலாந்துலேர்ந்து ஆஸ்திரேலியா போன அணியோட கேப்டன். ஆட்டத்துல ஒண்ணும் ஆகல. ஆத்துல தனியாப் படகு ஓட்டப் போனாரு, கவுந்துடுச்சு. அங்கியே அடக்கம் பண்ணிட்டாங்க.”

வெற்றிவேல் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார். மங்கம்மாள் அடுப்படியை விட்டு வெளியே வந்தாள்.

ரங்கன் மட்டும் அசையவில்லை. “தண்ணி யாரை வேணா இழுக்கும். அதுக்கு இன்னா பண்றது. மத்தவங்க அத்தோட ஊர் திரும்பிட்டாங்களா?”

“இல்லைங்க. மீதி ஆட்டமெல்லாம் ஆடி முடிச்சுட்டுத்தான் திரும்பினாங்க.”

“ஆடினாங்களா?”

“வேற ஒருத்தரைக் கேப்டனாப் போட்டு.”

ரங்கன் தட்டைத் தள்ளி வைத்தார். “கூட வந்தவன் மண்ணுக்குள்ள. இவனுங்க பந்து ஆடியிருக்கானுங்க.”

“அது அந்தக் காலம்ங்க,” என்றார் வெற்றிவேல் அவசரமாக. “இப்பல்லாம் ஒண்ணுன்னா உடனே நிறுத்திடுவோம்.”

“நீ சொல்லும்மா,” என்றார் ரங்கன் ஷாஸியாவிடம். “நிறுத்துவாங்களா?”

அவள் தரையைப் பார்த்தாள். “தெரியலைங்க. நிறுத்த மாட்டாங்கன்னுதான் நெனைக்கிறேன்.”

ரங்கன் மகள் பக்கம் திரும்பினார். “உன்னோட வர்ற புள்ளைல ஒண்ணுக்கு இப்பிடி ஆச்சு. நீ இன்னா பண்ணுவே?”

சசிகலா கதவை விட்டு முன்னால் வந்தாள். ஆட மாட்டேன் என்று சொல்லிவிட மாட்டாளா என்று ஷாஸியா தவித்தாள். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் மனம் குளிர்ந்து அனுப்பிவைப்பார்.

“ஆடுவேன்பா.”

“சசி,” என்றாள் மங்கம்மாள்.

“அழுவேன். அழுதுட்டு ஆடுவேன். பெரியப்பா செத்ததுக்கு ஏர் கட்டாம உக்காந்திருந்தோமே, இன்னா ஆச்சு? மழை போச்சு. அவரு எழுந்து வந்தாரா?”

சொன்னவளே வாயைப் பொத்திக்கொண்டாள். மங்கம்மாள் கையை ஓங்கிவிட்டாள். ரங்கன் அந்தக் கையைப் பிடித்து இறக்கினார்.

“வுடு. பொய் சொல்லல.” அவர் எழுந்து கை கழுவினார். “வண்டி எத்தினி மணிக்கு சார்?”

“ஆறு மணிங்க.”

“வர்றேன்.” மாட்டை அவிழ்க்கிறவர் போல வெளியே போனார். மாடு ஏற்கெனவே மேயப் போயிருந்தது.

ஒற்றையடிப் பாதை வரை சசிகலா பின்னாலேயே வந்தாள். “எதுக்கு டீச்சர் சொன்னீங்க?”

“கேட்டாங்க.”

“எங்கப்பா என்னையுந்தான் கேட்டாரு. நானும் உள்ளதைச் சொல்லித் தொலைச்சுட்டேன்,” என்று சொல்லிவிட்டு அவள் திரும்பி நடந்தாள். மலேசியா போகப்போகிற நடையாக அது இல்லை.

காலையில் ரங்கன் சலவைச் சட்டையில் வந்தார். ஜீப்பில் ஓட்டுநர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். பின்னால் ஷாஸியாவுக்கும் சன்னலுக்கும் நடுவே சசிகலா ஒடுங்கி உட்கார்ந்தாள். மழையைப் பற்றியும் புளி விலையைப் பற்றியும் ரங்கன் ஓட்டுநரோடு பேசிக்கொண்டே வந்தார்; மகள் பக்கம் திரும்பவில்லை.

வளைவுகள் தொடங்கியதும் சசிகலாவுக்குக் குமட்டியது. முந்தானையை எடுத்து ஷாஸியா விசிறினாள். முன்னால் பேச்சு நின்றது. திரும்பாமலே ரங்கன் ஒரு எலுமிச்சம் பழத்தைப் பின்னால் நீட்டினார். சசிகலா கையை நீட்டினாள்.

“டீச்சரம்மா,” என்றார் அவர். “இதை அவகிட்ட குடுங்க.”

ஷாஸியா வாங்கி, பக்கத்தில் நீண்டிருந்த கையில் வைத்தாள். சசிகலா அதை முகரவில்லை. கீழே போளூர் வரை இறுகப் பிடித்துக்கொண்டே வந்தாள்.