விளையாட்டுக்கு ஒரு பரீட்சை

விசில் டீச்சர் என்று பிள்ளைகள் அவளுக்குப் பேர் வைத்துப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. இப்போது படிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் அந்த விசில் சத்தத்தைக் கேட்டதே இல்லை. எட்டாம் வகுப்புக்கு வாரம் இரண்டு விளையாட்டுப் பீரியட் என்று அட்டவணையில் அழகாக எழுதியிருக்கும். பெல் அடிப்பதற்கு முன்பே கணக்கு சார் ஸ்டோர் ரூம் வாசலில் தலையை நீட்டிவிடுவார்.

"டீச்சர், இந்த ஒரு பீரியட் மட்டும். பாடம் முடியல."

இந்த ஒரு பீரியடை நாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவளும் நாலு வருஷமாக "சரி சார்" சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆசிரியர் அறையில் அவளுக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. யாரோ அதில் நோட்டுகளை அடுக்க ஆரம்பித்தார்கள். எடுக்கச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அதனால் மத்தியானச் சாப்பாடு ஸ்டோர் ரூமில், காற்றுப்போன பந்துகளுக்கு நடுவில். வீட்டிலும் பேச ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்து, "சாப்பிட்டியா?" என்று கேட்பாள். பதில் வருவதற்குள் பேரன் கதைக்குப் போய்விடுவாள்.

இந்த வருஷம் மேலிடத்திலிருந்து ஒரு உத்தரவு வந்தது: உடற்கல்விக்கும் ஆரோக்கியத்துக்கும் எழுத்துப் பரீட்சை நடத்த வேண்டும். ஐம்பது மார்க், பத்துக் கேள்வி. "சும்மா ஈஸியா கேளுங்க டீச்சர்," என்றார் தலைமையாசிரியை. அவளோ மூன்று நாள் உட்கார்ந்து எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். நாடியை எங்கே பார்ப்பது, ஓடுவதற்கு முன் உடம்பை எப்படித் தயார் செய்ய வேண்டும், எத்தனை மணி நேரம் தூங்க வேண்டும். ஒன்பதாவதை மட்டும் சும்மா மார்க் அள்ளிக் கொடுக்கத்தான் வைத்தாள்: 'நீங்கள் கடைசியாக எப்போது, யாருடன் விளையாடினீர்கள்?'

பரீட்சையன்று நாற்பத்தோரு பிள்ளைகளுக்கும் அவளே கேள்வித்தாளைக் கொடுத்தாள். ஒரு பையன் நாடியைத் தேடி முழங்கையை அமுக்கிக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் ஸ்டோர் ரூமில் திருத்த உட்கார்ந்தாள். ஓடுவதற்கு முன் உடம்பைத் தயார் செய்வது எப்படி என்பதற்கு, 'பாத்ரூம் போய்விட்டு வர வேண்டும்' என்று ஒருத்தி எழுதியிருந்தாள். வாய்விட்டுச் சிரித்துவிட்டு, யாரிடமாவது காட்டலாம் என்று பேப்பரோடு நிமிர்ந்தாள். எதிரே பாய்களும் கயிறுகளும்தான் கிடந்தன. தூக்கத்துக்கு இன்னொருத்தன் எழுதியிருந்தான்: 'எட்டு மணி நேரம் தூங்க வேண்டும். நான் ஐந்தரை.'

ஒன்பதாவது கேள்வியில்தான் பேனா நின்றுபோனது. இருபத்துமூன்று பேர் அந்த இடத்தை அப்படியே விட்டிருந்தார்கள். 'ஆறாம் வகுப்பில், தங்கையுடன். இப்போது அவளுக்கும் டியூஷன்' என்று ஒன்று. 'சுவருடன். பந்து திரும்பி வரும்' என்று இன்னொன்று. தன்னிடம் யாராவது கேட்டால் என்ன எழுதுவோம் என்று நினைத்துப் பார்த்தாள். வருஷங்களைப் பின்னால் தள்ளித் தள்ளிப் பார்த்தும் ஒரு முகமும் வரவில்லை.

இருபத்தேழு பேர் ஃபெயில்.

தலைமையாசிரியை மார்க் ஷீட்டைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன டீச்சர் இது? கணக்குல நூத்துக்கு நூறு வாங்குற பிள்ளைங்க விளையாட்டுல ஃபெயிலா? வெளியில சொன்னா சிரிப்பாங்க. எல்லாருக்கும் முப்பது போட்டுக் கொடுத்துடுங்க."

"போட மாட்டேன் மேடம்."

சொன்னது தான்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"சொல்லிக்கொடுக்காததை அதுங்க எப்படி எழுதும்? கேட்டப்பல்லாம் பீரியடைத் தூக்கிக் கொடுத்தது நான். தப்பு என் மேலதான். எனக்குப் பீரியடைத் திருப்பிக் கொடுங்க. ஒரு மாசம் கழிச்சு மறுபடி வைக்கிறேன். அப்பவும் ஃபெயிலானா என்னைக் கேளுங்க."

கணக்கு சார் வரவழைக்கப்பட்டார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "வியாழக்கிழமை மட்டும் தரேன்," என்றார், ஏதோ சொந்தச் சொத்தில் பங்கு பிரிக்கிற மாதிரி. அதற்குப் பிறகு ஆசிரியர் அறையில் அவளைப் பார்த்தால் பேச்சு சட்டென்று நின்றது.

வியாழக்கிழமை பிள்ளைகள் மைதானத்துக்கு வந்தார்கள். வந்தவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் கட்டட நிழலில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

"டீச்சர், இதுக்கு மார்க் உண்டா?" என்று உயரமான ஒரு பெண் கேட்டாள்.

"இல்லம்மா. சும்மா விளையாடத்தான்."

பாதிப் பேர் உட்கார்ந்து கணக்கு நோட்டைப் பிரித்தார்கள். அவள் திட்டவில்லை. மீதிப் பேரை இரண்டாகப் பிரித்தாள். ஒரு பக்கம் ஆள் குறைந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளே அந்தப் பக்கம் போய் நின்றாள்.

"டீச்சர், நீங்க எங்க டீமா?"

"ஆமா. ஏன், வேண்டாமா?"

"நல்லா ஓடணும் டீச்சர்!"

ஓடினாள். முட்டி முனகியது, மூச்சு வாங்கியது, இரண்டு தடவை பந்தைக் கோட்டைவிட்டாள். "அய்யோ டீச்சர்!" என்று சொந்த டீமே தலையில் அடித்துக்கொண்டது. நோட்டைப் பிரித்தவர்களில் மூன்று பேர் எழுந்து ஓடி வந்தார்கள்.

பெல் அடித்ததும் அத்தனை பேரும் ஒரே ஓட்டமாகப் படியேறிப் போய்விட்டார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வெறிச்சோடிய மைதானத்தில், உடனே உள்ளே போக மனமில்லாமல், கழுத்து வேர்வை காய்கிற வரைக்கும் அவள் வெயிலிலேயே நின்றாள்.