வேட்டியில் ஏறிய வண்டு

பெண் கொடுக்கப் போகிற வீட்டைப் பார்க்கக் கண் மட்டும் போதாது, மூக்கும் காதும் கூட வேண்டும் என்பது கிளியனூர் பாண்டுரங்கனின் கொள்கை. பட்டுத் தெரிந்துகொண்டது. மூத்த மகள் வீரம்மாளைக் கட்டிக் கொடுத்தபோது மாப்பிள்ளை வீட்டார் அவரை வரப்பில் நிறுத்தி, "அதோ, அதுவரைக்கும் நம்முளுது" என்று கையை நீட்டினார்கள். தாலி ஏறிய பிறகுதான் அது பங்காளியின் நிலம் என்று தெரிந்தது. இன்றைக்கு அவள் அதே நிலத்தில் கூலிக்குக் களை எடுக்கிறாள். இளையவள் வடிவை எவனும் அப்படி ஏமாற்றிக் கொண்டுபோக விடக்கூடாது.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஆவணியில், மச்சினன் சேட்டுவைக் கூட்டிக்கொண்டு விழுப்புரத்தில் பஸ் மாறிக் கெடாருக்குப் போனார். மாப்பிள்ளைப் பையன் ராஜவேலு லட்சணமாக இருந்தான். தகப்பன் இல்லை, அம்மா லட்சுமியம்மாள்தான் குடும்பத்தை நடத்துகிறாள். பாண்டுரங்கன் பையிலிருந்து வெற்றிலை, பாக்கு, பழம் எடுத்துத் தட்டில் வைத்துக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கூடத்து மூலையில் ஆள் உயரத்துக்கு நெல் குதிர் நின்றது.

"சாப்பாட்டுக்கு நெல்லோ அரிசியோ வெளிய வாங்கற பழக்கம் நம்ப வூட்டுல கெடையாதுங்கணா," என்றாள் திரும்பி வந்த லட்சுமியம்மாள். "உங்க பக்கம் வெள்ளாமை எப்பிடி?"

"கொறை இல்லம்மா," என்றார் பாண்டுரங்கன்.

அப்போதுதான் அது கண்ணில் பட்டது. வெளுத்த வேட்டியில், முழங்காலுக்குப் பக்கத்தில், எள் அளவு இருக்கும், கருப்பாக ஏதோ ஊர்ந்தது. தட்டிவிட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பாண்டுரங்கன் தட்டிவிடுகிற ஆள் இல்லை. பேச்சுக்குத் தலையை ஆட்டிக்கொண்டே தீப்பெட்டியைத் திறந்து, குச்சிகளைச் சட்டைப் பையில் கொட்டிவிட்டு, பூச்சியை உள்ளே தள்ளி மூடினார். பிறகு, "கொல்லப் பக்கம் போய்ட்டு வந்துடறேன்" என்று எழுந்தார்.

வைக்கோல் போருக்குப் பின்னால் நின்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கிட்டத்தில் வைத்தும் எட்டத்தில் வைத்தும் அதன் வழியாகப் பார்த்தார். தலைப் பேனா? பேனுக்கு இவ்வளவு கருப்பு ஏது? மூட்டைப்பூச்சியா? அது தட்டையாக, சிவப்பாக இருக்கும். இதன் முதுகு உருண்டிருந்தது. வேர்க்கடலைக் குவியலில் வருகிற பூச்சியோ என்றால் அது இதைவிடப் பெரிசு. விரலால் தொட்டதும் காலை மடக்கிக்கொண்டு செத்தது போல் கிடந்தது. இந்த வீட்டில் பூச்சிகூட நடிக்கிறதே என்று அவருக்குக் கோபம் வந்தது. பொறுமையாக நின்றார். கொஞ்ச நேரத்தில் அது காலை நீட்டி நடந்தது. முகத்திலிருந்து நீளமாக ஒரு மூக்கு இறங்கியிருந்தது. முதுகில் மங்கலாகச் செங்கல் நிறத்தில் நாலு புள்ளி.

அரிசி வண்டு. சந்தேகமே இல்லை.

சொந்த நெல் வைத்திருக்கிற வீட்டில் அந்துப்பூச்சி பறக்கும். அதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வேண்டும்போது கொஞ்சமாக நெல்லை அவித்து, மில்லில் கொடுத்து அரைத்து, அது தீர்ந்தால் மறுபடி அவிக்கிற வீட்டில் அரிசி வண்டு பிடிக்க நேரம் ஏது? மூட்டையில் பல மாசம் கிடந்த அரிசி வாங்கித் தின்கிறவன் வீட்டில்தான் அது வரும். அப்படியானால் குதிரில் என்ன இருக்கிறது? உள்ளே வந்தவர் கால் இடறியது போல் குதிரின் மேல் கையை ஊன்றித் தட்டிப் பார்த்தார். கெட்டியாகத்தான் கேட்டது. உமியைக் கொட்டி நிரப்பியிருந்தாலும் இப்படித்தான் கேட்கும் என்று நினைத்துக்கொண்டார்.

அதற்குள் இலை போட்டுவிட்டார்கள். பெண் வீட்டார் அங்கே காப்பி, தண்ணீர் குடிக்கலாம். சோற்றில் கை நனைத்துவிட்டால் பெண் கொடுக்கச் சம்மதம் என்று அர்த்தம். நனைக்காமல் எழுந்தால் வேண்டாம் என்று அர்த்தம். வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

"இன்னிக்கு எனுக்கு விரதம்மா. இன்னொரு நாளு பாத்துக்கலாம்," என்றார் பாண்டுரங்கன்.

ராஜவேலுவின் முகம் விழுந்துவிட்டது. லட்சுமியம்மாள் பரிமாறக் கொண்டுவந்த சோற்றை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு போனாள்.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில், ஊர் திரும்ப வேண்டிய திண்டிவனம் பஸ் இன்னும் வரவில்லை. சேட்டு பசியில் கொதித்துக்கொண்டிருந்தான். "இன்னா மாமா உனுக்கு விரதம்? காலையில ஏழு இட்லி துன்ன. சொல்லித் தொலையேன், பேஜாரு பண்ணாத."

பாண்டுரங்கன் தீப்பெட்டியைத் திறந்து காட்டி, கண்டுபிடித்ததை எல்லாம் விளக்கினார். தன் சாமர்த்தியத்தில் அவருக்கே கொஞ்சம் பெருமை. சேட்டு கேட்டுக்கொண்டே, மிச்சமிருந்த பழத்துக்காகப் பைக்குள் கையை விட்டான். வெளியே எடுத்த கையையே பார்த்தான். பிறகு பையைத் தலைகீழாகக் கவிழ்த்து பெஞ்சின் மேல் உதறினான். வாழைப்பழத்தோடு கருப்பாகச் சிலது விழுந்து, காலை மடக்கிக்கொண்டு கிடந்தன. எல்லாவற்றுக்கும் மூக்கு இருந்தது.

"மாமா, இது அக்கா ரேஷனுக்கு எடுத்துக்கினு போற பையி," என்றான் சேட்டு.

பாண்டுரங்கன் தீப்பெட்டியை மூடினார். போன வருஷம் மழை ஏமாற்றிக் கிணறு வற்றியதிலிருந்து அவர் வீட்டில் ரேஷன் அரிசிதான் பொங்குகிறது. ஊருக்குத் தெரியக்கூடாது என்று அவர் மனைவி சின்னபொண்ணு முந்தானையில் மறைத்துத்தான் அந்தப் பையைக் கொண்டுவருவாள். பஸ்ஸில் அந்தப் பை அவர் மடியில் இருந்தது. தன் வீட்டு வண்டை அடுத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோய், அதை வைத்தே அவர்கள் மேல் குற்றம் சாட்டி, வடிவுக்கு வந்த நல்ல இடத்தைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டார். தூ என்று தன் மேலேயே துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

"ஏந்திரிடா," என்றார். "கெடாருக்குப் போலாம்."

லட்சுமியம்மாள் வாசலிலேயே நின்றாள். வாங்க என்று சொல்லவில்லை.

"நீங்க எலையில கை வெக்காம போனத எதுத்த வூட்டுக்காரி பாத்துட்டா. என் புள்ளைக்கு இன்னா கொறைன்னு இந்நேரம் ஊரே பேசிக்கினு இருக்கும். இன்னா பாத்தீங்கன்னு சொல்லிட்டுப் போங்க."

வேறு ஏதாவது சொல்லித் தப்பிக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வழியில் சாவு விழுந்தது, சகுனம் சரியில்லை, எத்தனையோ சொல்லலாம். பாண்டுரங்கன் தீப்பெட்டியைத் திறந்து அவள் முன்னால் நீட்டினார்.

"இது என் வேட்டியில ஊர்ந்துதும்மா. உங்க வூட்டுதுன்னு நெனைச்சிட்டேன். எங்க வூட்டுது. ரேஷன் அரிசி வண்டு. வெள்ளாமை கொறை இல்லன்னு சொன்னன் பாருங்க, அது பொய்யி. உங்க நெல்லுக் குதிரக்கூட தட்டிப் பாத்தேன்."

"அதுவும் பாத்தேன்," என்றாள் லட்சுமியம்மாள். தீப்பெட்டிக்குள் எட்டிப் பார்க்கக்கூட இல்லை. "நீங்க குடுத்த வெத்தலையிலயே இதுங்க ஊர்ந்துக்கினு இருந்துது. ரேஷன் பையின்னு எனுக்குத் தெரியாதா? முந்தானையால தொடைச்சி வெச்சிட்டு, எலை போடச் சொன்னேன்."

பாண்டுரங்கனுக்குத் தலை நிமிரவில்லை. எல்லாம் தெரிந்த பிறகுதான் அவள் இலை போட்டிருக்கிறாள். வடிவுக்கு இப்படி ஒரு மாமியார் வாய்க்க வேண்டும் என்று அவர் எந்தச் சாமியிடமும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றியதுகூட இல்லை.

"ராஜவேலு, எலை எடுத்தாடா," என்று அவள் உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். "சோறு ஆறிப்போச்சி. பரவால்லீங்களா?"

இருவரும் உட்கார்ந்தார்கள். சேட்டு யாருக்காகவும் காத்திருக்கவில்லை. லட்சுமியம்மாள் பாண்டுரங்கனின் இலையில் சோற்றை வைத்துக் குழம்பை ஊற்றினாள்.

"நல்லா பாத்து சாப்புடுங்கணா," என்றாள். "ஏதாச்சும் ஊர்ந்துதுன்னா பொட்டியில போட்டு எடுத்துக்கினு போங்க."

கதவோரம் நின்ற ராஜவேலு சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான். பாண்டுரங்கன் இலையில் கை வைத்தார். அவமானத்தில் முதல் கவளம் தொண்டையில் இறங்கவில்லை. இரண்டாவது இறங்கியது.