பெயரில்லாத அறுபது ஜிபி

எங்கள் ராஹே ஊர் நூலகத்தில் புதன்கிழமைதோறும் மதியம் பன்னிரண்டிலிருந்து நான்கு மணிவரை பழுது பார்க்கும் நேரம். கெட்டுப்போன எதையும் கொண்டுவரலாம், காசு கிடையாது. தையல் எந்திரம், ரொட்டி வாட்டும் கருவி எல்லாம் வேறொருவர் பார்ப்பார். கணினி என்றால் என் மேசை. இரும்பாலையின் கணினிப் பிரிவில் முப்பத்தோரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பெயர் என்சியோ. இந்த வேலைக்கு எனக்குக் கிடைக்கும் கூலி, நூலகர் ஹில்க்கா போடும் காப்பியும் அவளுடைய வாயும்தான்.

போன நவம்பரில், ஈரப்பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு புதன்கிழமை, ரெய்மா ஒரு லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். ரெய்மாவைத் தெரியாதவர்கள் ஊரில் குறைவு. ஓட்டுநர் பள்ளி நடத்துகிறவர். இருபது வருடத்தில் பாதி ஊருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஹில்க்காவின் இரண்டு பெண்களும் அவரிடம்தான் கற்றார்கள். சத்தம் போட மாட்டார், பதற மாட்டார், தங்கமான மனுஷன் என்று அவள் எப்போதும் மெச்சுவாள்.

லேப்டாப் அவர் மனைவி சைலாவுடையதாம். சனிக்கிழமை அதைக் கொஞ்சம் சுத்தம் செய்தாராம். டிஸ்க்கில் பெயரே இல்லாமல் அறுபது ஜிபி சும்மா கிடந்ததால் அந்தப் பகுதியை அழித்துவிட்டார். மறுநாளிலிருந்து வெறும் கருப்புத் திரை. நானும் போட்டுப் பார்த்தேன். 'அப்படியொரு பகுதி இல்லை' என்று ஒரு வரி, அதன் கீழே துடித்துக்கொண்டு ஒரு கோடு, அவ்வளவுதான்.

ஒரே கணினியில் இரண்டு இயங்குதளம் வைத்திருப்பவர்களுக்கு வரும் தொல்லை இது. பொத்தானை அழுத்தியதும் முதலில் விழிப்பது ஒரு சின்ன நிரல். விண்டோஸ் பக்கமா, லினக்ஸ் பக்கமா என்று அதுதான் வழிவிடும். அதற்கு வேண்டிய குறிப்பெல்லாம் லினக்ஸ் பகுதியில் இருக்கும். அந்தப் பகுதியை அழித்துவிட்டால் அது திக்குத் தெரியாமல் வாசலிலேயே நின்றுவிடும். உள்ளே விண்டோஸ் பத்திரமாக இருந்தாலும் போய்ச்சேர வழி கிடையாது.

என் பென்டிரைவிலிருந்து கணினியை எழுப்பி, அழிந்ததைத் தேடவிட்டேன். ரெய்மா ஹில்க்காவிடம் காப்பி வாங்கிக்கொண்டு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பத்து நிமிடத்தில் அழித்த பகுதி முழுசாக அகப்பட்டது. அதன்மேல் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. போனது திரும்பக் கிடைக்கிற அந்த நிமிடத்துக்காகத்தான் நான் இந்த வேலையையே செய்கிறேன். அந்தச் சந்தோஷத்தில் வாயை விட்டேன்.

"கவலைப்படாதீங்க ரெய்மா, ஒண்ணும் போகலை. இதுக்குள்ள லினக்ஸ் இருந்திருக்கு. மெனுகூட வராத மாதிரி ரொம்ப அழகா மறைச்சு வெச்சிருக்காங்க. ஆன் பண்ணும்போது ஒரு கீயை அமுக்கிட்டே இருந்தாத்தான் தெரியும்."

"மறைச்சா?" என்றார்.

குரல் மாறவில்லை. கோப்பையை மேசைமேல் வைத்து, அதன் பிடி தன் பக்கம் வரும்படி மெதுவாகத் திருப்பினார். பிறகு போனை எடுத்து எதையோ தட்டினார். அரை நிமிடத்தில் ஒரு படம் வந்தது. அவர் அதை மறைக்கவில்லை, எனக்கும் தெரிந்தது. ஏதோ சமையலறையின் சுவர்க் கடிகாரம். மணி பன்னிரண்டு ஐம்பது.

"வேலையிலதான் இருக்கா" என்றார், நான் கேட்காமலே.

வாயை விட்டது தப்பு என்று அப்போதுதான் புரிந்தது. பழைய லேப்டாப்பில் இப்படி இருப்பது சகஜம், முன்னால் வைத்திருந்தவர் போட்டிருப்பார் என்று சொல்லிப் பார்த்தேன்.

"நான்தான் கடையில புதுசா வாங்கிக் கொடுத்தேன். வேற யாரும் வெச்சிருக்கலை. நீங்க அதைத் திரும்பக் கொண்டு வாங்க. நான் இருந்து பாத்துட்டே போறேன்."

வண்டியில் பார்க்கிங் சீட்டு மாட்டிவிட்டு வருவதாக அவர் வெளியே போன இரண்டு நிமிடத்தில், அந்தப் பகுதிக்குள் என்ன இருக்கிறது என்று பட்டியல் எடுத்தேன். செய்யக்கூடாத காரியம்தான். எந்தக் கோப்பையும் திறக்கவில்லை. பெயர்களே போதுமாக இருந்தன. 'தேதிகள்'. 'மருத்துவர்'. 'கைப் படங்கள்'. 'வாசா வீடு'. வாசா தெற்கே இருக்கும் ஓர் ஊர். கடவுச்சொல் இருந்தது, ஆனால் அது வாசலுக்கு மட்டும். என்னைப் போல வேறு வழியாக உள்ளே வருகிறவனுக்கு எதுவும் பூட்டப்பட்டிருக்கவில்லை. வாசலை அத்தனை கவனமாக மறைத்தவளுக்கு உள்ளே பூட்டு வேண்டும் என்று தோன்றவில்லை போலிருக்கிறது.

இரண்டு கட்டளை போட்டால் எல்லாவற்றையும் நிரந்தரமாக அழித்திருக்கலாம். விரல் அங்கேதான் இருந்தது. ஆனால் அந்தத் தேதிகளுக்கும் படங்களுக்கும் அவளிடம் வேறு பிரதி இல்லையென்றால்? அவள் சொல்வதை நம்பவைக்க அவளிடம் இருந்ததே அதுதான் என்றால்? என்னால் முடியவில்லை.

நேரம் கடத்துவது ஒன்றுதான் தெரிந்தது. ரெய்மா திரும்பி வந்ததும், பகுதியை மீட்பதற்கு முன் டிஸ்க் முழுவதையும் பிரதி எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் விண்டோஸும் போய்விடும் என்றேன். முறையாகச் செய்கிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். அதனால் அதை நடுங்காமல் சொல்ல முடிந்தது. நூலகத்தின் வெளி டிஸ்க்கை இணைத்து ஆரம்பித்தேன். ஒரு மணி ஐம்பது நிமிடம் என்று திரை காட்டியது.

"எனக்கு அவசரமில்லை" என்றார்.

பழுதுச் சீட்டு ஒன்றின் பின்புறம் எழுதி, ஏதோ கையெழுத்துக்குப் போகிறவன் போல ஹில்க்காவிடம் கொண்டுபோய் வைத்தேன். சைலா வேலை செய்யும் இடத்துக்குப் போ, அவளை வீட்டுக்குப் போகவேண்டாம் என்று சொல், அவள் மறைத்து வைத்ததை இவர் கண்டுபிடித்துவிட்டார். ஹில்க்கா படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"சவுனாக் குளியல் சூடு தலைக்கு ஏறிடுச்சா உனக்கு? ரெய்மாவையா சொல்ற?"

"மெதுவாப் பேசு."

"அந்த மனுஷன் ஒரு ஈயைக்கூட..."

அப்போது ரெய்மாவின் போன் சிணுங்கியது. மறுபடி படம் கேட்டிருப்பார் போலிருக்கிறது, திரையைப் பார்த்தார். பிறகு, குரல் செய்தி அனுப்புவதற்காகப் போனை வாயருகே கொண்டுபோய், குழந்தைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னார். "கடிகாரம் மட்டும் போதாதுன்னு சொல்லியிருக்கேன்ல, சைலா. கடிகாரத்துக்குக் கீழ உன் கை தெரியணும். மறுபடி எடுத்து அனுப்பு."

ஹில்க்கா சீட்டை மடித்துப் பையில் போட்டாள். கோட்டை மாட்டிக்கொண்டு, தொப்பி போடக்கூட மறந்து, பின்வாசல் வழியாகப் போனாள்.

நானும் ரெய்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து திரையில் எண்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் பேச்சுக் கொடுத்தார். என் வீடு எந்தத் தெருவில், தனியாகவா இருக்கிறேன், கார் என்ன கார் என்றெல்லாம் கேட்டார். எதற்கும் பொய் சொல்லத் தோன்றவில்லை எனக்கு. அவர் போனுக்கு வேறு படம் வரவேயில்லை. இரண்டே முக்கால் மணிக்கு, எல்லாம் முடிந்தாலும் அது கடவுச்சொல் கேட்கும் என்றேன், அது பெரிய தடை என்பது போல.

"அதை அவளே சொல்லுவா" என்று சைலாவை அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழைத்தார். மூன்றாவது தடவைக்குப் பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"இருபது வருஷமா என் வேலையே பயந்தவங்களுக்குப் பக்கத்துல உக்காந்துக்கறதுதான். மூச்சு விடறதை வெச்சே சொல்லிடுவேன். நீ ஒரு மணிக்கே பயந்துட்ட. என்ன பாத்த உள்ள?"

அவர் எழுந்தார். பிரதி நாலைந்து நிமிடம் முன்பே முடிந்திருந்தது. "அந்தப் பெட்டியையும் கொடு" என்றார். அது நூலகத்துடையது என்றேன். அவர் கையை நீட்டியபடியே நின்றார். சத்தமும் போடவில்லை, ஒரு அடி முன்னாலும் வரவில்லை. நானே கம்பியைக் கழற்றி, லேப்டாப்பையும் டிஸ்க்கையும் சேர்த்து அவர் கையில் கொடுத்தேன். அதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அவர் போன பிறகுதான் உறைத்தது. 'வாசா வீடு'. அவள் போக நினைத்த இடம் அதற்குள் இருக்கிறது. அதை அழிவிலிருந்து தோண்டி எடுத்து, பிரதியும் போட்டு அவரிடம் கொடுத்தவன் நான்.

ஹில்க்கா தலையெல்லாம் பனியோடு திரும்பி வந்தாள். சைலா வேலை செய்வது குழந்தைகள் காப்பகத்தின் சமையலறையில். அவள் அங்கே இல்லை. பல் வலி என்று சொல்லிவிட்டுப் பதினொன்றரைக்கே கிளம்பிவிட்டாள். போனை மட்டும் உடன் வேலை செய்யும் உல்புவிடம் கொடுத்திருந்தாள், கேட்கும்போதெல்லாம் கடிகாரத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி. சனிக்கிழமை அவர் அந்தப் பகுதியை அழித்ததிலிருந்தே அவள் தயாராக இருந்திருக்கிறாள். கை தெரிய வேண்டும் என்று செய்தி வந்ததும் உல்பு என்ன செய்வதென்று தெரியாமல் விழித்திருக்கிறாள். அவள் கை சைலாவின் கை மாதிரி இருக்காது. பிறகு போன் அடிக்க ஆரம்பித்தபோது ஹில்க்காவும் அங்கேதான் நின்றிருந்தாள். இருவரும் அதை மாவு டப்பாவுக்குள் போட்டு மூடினார்களாம்.

"எங்க போறான்னு உல்பு சொன்னாளா?" என்று கேட்டேன்.

"தெற்கே போற பஸ்ஸுன்னா. அதுக்குமேல அவளுக்கே தெரியாதாம்."

"எனக்குத் தெரியும், ஹில்க்கா. இப்ப அவருக்கும் தெரியப் போகுது."

என் காரில் காப்பகத்துக்குப் போனோம். ஓட்டுநர் பள்ளியின் வண்டி எங்களுக்கு முன்பே வாசலில் நின்றிருந்தது. ஒரு தெரு தள்ளி, விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். ஹில்க்கா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கால் மணி நேரம் கழித்து ரெய்மா வெளியே வந்தார். இருக்கையைச் சரிசெய்தார், கண்ணாடியைச் சரிசெய்தார், விளக்கு போட்டுக் கிளம்பினார்.

நாங்கள் உள்ளே போனபோது உல்பு அழுதுகொண்டிருந்தாள். அவர் ஒன்றும் செய்யவில்லையாம். அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவளுக்கு எத்தனை குழந்தைகள், எந்தப் பள்ளி என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். ஆனால் அவளிடம் சைலாவின் இன்னொரு எண் இருந்தது. அதை அவள் சொல்லவில்லை. அந்த எண்ணை இப்போது அழைத்து என்னிடம் கொடுத்தாள்.

பஸ்ஸின் இரைச்சல் கேட்டது. நான் யார் என்று சொன்னேன். அவள் மறைத்ததை நான்தான் கண்டுபிடித்துக் கொடுத்தேன், அது இப்போது அவரிடம் இருக்கிறது, வாசாவுக்குப் போகாதீர்கள் என்றேன்.

"எல்லாத்தையும் பாத்தீங்களா?" என்றாள்.

"பேரை மட்டும்தான்."

"அவர் அழிச்சப்போ எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு. வீட்டு விலாசமும் அதோட போயிடுச்சேன்னு."

மன்னித்துவிடுங்கள் என்றேன். வண்டி அடுத்து எங்கே நிற்கும் என்று அவள் யாரிடமோ கேட்பது கேட்டது. பிறகு இணைப்பு அறுந்தது.

சைலா வழியிலேயே கொக்கோலா என்ற ஊரில் இறங்கி, நேராகக் காவல் நிலையத்துக்குப் போயிருக்கிறாள். அங்கிருந்து அவளை எங்கே கொண்டுபோனார்கள் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. வெள்ளிக்கிழமை காலை ரெய்மா வாசாவில் அந்த வீட்டு வாசலில் நின்றிருந்தார். அந்த டிஸ்க்கை அவருக்குத் திறந்து கொடுத்தது யார் என்று தெரியாது. என்னைப் போல எவனோ ஒருவன் சந்தோஷமாகச் செய்திருப்பான். வீடு வாடகைக்கு என்று கேள்விப்பட்டுப் பார்க்க வந்ததாகப் போலீசிடம் சொன்னார். பிப்ரவரியில் நீதிமன்றம் அவர் சைலாவை நெருங்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. நான் சாட்சி சொன்னேன். லேப்டாப்பும் டிஸ்க்கும் காணாமல் போய்விட்டன என்றார் ரெய்மா. நான் பார்த்த நான்கு பெயர்களைத் தவிர அவற்றிலிருந்து எதுவும் நீதிமன்றத்துக்கு வரவில்லை. மருத்துவமனைக் குறிப்புகள் போதுமாக இருந்தன.

ஓட்டுநர் பள்ளி நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஊரில் சிலர் என்னைக் கண்டால் எதிர்ப் பக்கம் போய்விடுகிறார்கள். உத்தரவு வந்த வாரத்திலிருந்து அந்த வண்டி எங்கள் தெருவுக்கு வருகிறது. பகல் பதினொரு மணி சுமாருக்கு, கற்றுக்கொள்கிறவர் யாராவது ஓட்ட, என் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே நிறுத்திப் பழகுகிறார்கள். முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடி முன்னால் போய். ஒரு நாள் பதினாலு தடவை எண்ணினேன். ஓட்டிய பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும், வியர்த்து வழிந்துகொண்டிருந்தாள். ஜன்னலை இறக்கி என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். இடம் நல்ல வாகாக இருக்கிறது என்று ஆசிரியர் சொல்கிறாராம். ரெய்மா பக்கத்து இருக்கையிலிருந்து எனக்குத் தலையசைத்தார்.

போலீசில் சொன்னேன். தெரு எல்லோருக்கும் பொது, கற்றுக் கொடுப்பது அவர் தொழில் என்றார்கள்.

இப்போதெல்லாம் வாசலில் பனி தள்ளப் போகும்போது ஹில்க்காவை அழைத்து, இணைப்பைத் துண்டிக்காமல் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறேன். நாங்கள் ஒன்றும் பேசிக்கொள்வதில்லை. அவள் அங்கே புத்தகங்களை அடுக்கும் சத்தம் பைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருக்கும். எதிரே அந்த வண்டி முன்னால் போய்ப் பின்னால் வரும்.