நீலச்செம்பு கிடைக்கும் இடம்

கிள்ளானில் எங்கள் ஜவுளிக்கடையில், சரக்கு எங்கே எடுத்தது என்று யார் கேட்டாலும் வாய் தானாகப் பொய் சொல்லும். சூரத்தில் எடுத்ததைக் குவாங்சோ என்போம். குவாங்சோவில் எடுத்ததைச் சூரத் என்போம். அதில் எனக்கு வெட்கமில்லை, அது வியாபாரம். ஆனால் என் சின்னம்மா மகன் இக்ராம் அதை ஒரு விளையாட்டுக்குள் கொண்டுபோனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஊர்ப்பட்ட பேர் இணையத்தில் சேர்ந்து சுரங்கம் தோண்டும் விளையாட்டு அது. எந்தத் தாது எங்கே இருக்கிறது, எந்தக் கடப்பாரைக்கு உடையும் என்று தொகுத்துவைக்கும் பொதுப்பக்கம் ஒன்று உண்டு. அதைக் கவனித்துக்கொள்பவள் செந்தூலில் இருக்கும் தாமரை. ஒவ்வோர் இடத்துக்கும் போய் உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவாள். நீலச்செம்பு என்ற அரிய தாதுவை மட்டும் இக்ராம் பேச்சை நம்பி எழுதிவிட்டாள்: தெற்குக் கோடியில், எரிமலை ஏரிக்கு அடியில்.

போனவர்களெல்லாம் வெந்து செத்தார்கள். செத்தால் சேர்த்துவைத்த கருவிகள் அத்தனையும் போய்விடும். அவளைத் திட்டாதவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியான இடத்தை நேரலையில் உடைத்துக் காட்டாவிட்டால் பக்கத்தை வேறு கைக்கு மாற்றிவிடுவோம் என்றார்கள் நிர்வாகிகள்.

ஞாயிறு மதியம், பிரிக்ஃபீல்ட்ஸில் நானும் இக்ராமும் சாப்பிட்டுக்கொண்டிருந்த கடைக்கே தாமரை வந்துவிட்டாள்.

"வருஷக்கணக்கா கட்டின பக்கம், இக்ராம். உண்மையச் சொல்லு."

"எரிமலைதான் லா."

"நேத்து நானே அங்க போய்ச் செத்தேன் லா!"

அவன் ஆட்டுக்குழம்பில் விரலைவிட்டு எலும்பைத் துழாவினான். "சரி, நான் தோண்டுற கல்லுல உனக்குக் கால் பங்கு. போதாதா? அரைக்கால் ஏத்திக்க. கம்முனு இரு."

"பங்கா கேட்டா? இடத்தக் கேக்குறாடா," என்றேன்.

"கௌஸ் நானா, ஹோல்சேல்காரன் அட்ரஸ நீங்க கஸ்டமர்கிட்ட குடுப்பீங்களா?" என்று அண்ணனான என்னையே திருப்பிக் கேட்டான்.

"கஸ்டமர நெருப்புல இறக்கிவிட மாட்டேன்டா, பன்னாட!"

எலும்பை உறிஞ்சியபடியே சிரித்தான். அந்தச் சத்தம் என் காதுக்குள் வழவழத்தது.

"தாமரை," என்றேன், "எங்க குடும்பம் பொய் சொன்னா நேர் எதிர்ப்பக்கத்ததான் காட்டும். தெற்கே நெருப்புன்னான்ல? வடக்குக் கோடியில என்ன இருக்கு?"

"பனியாறு."

இக்ராமின் விரல் குழம்பிலேயே நின்றுவிட்டது.

மேசையில் கைபேசியைச் சாய்த்துவைத்து, நேரலையைத் திறந்து, பனியாற்றின் அடியில் அவள் இறங்கினாள். நாலாவது குத்தில் பாறை நீலமாகப் பிளந்தது. "பக்கம் உங்களிடமே இருக்கட்டும்" என்று நிர்வாகிகளின் செய்தி வந்தது. கூட்டம் வடக்கே ஓடியது.

அந்தக் கூட்டத்துக்கு முன்பாகவே பனியாற்றுக் குகைவாசலில் ஒருவன் கடை விரித்துவிட்டான். நீலச்செம்பை உடைக்கும் ஒரே கடப்பாரையாம், மூன்று மடங்கு விலையாம். கடைக்காரன் பெயர் இக்ராம். எதிரே எச்சில் கையைத் தூக்கிப்பிடித்தபடி, இடது கட்டைவிரலால் தன் கைபேசியில் விற்றுக்கொண்டிருந்தான்.

"ஆரம்ப விலைதான் நானா. பேசினா குறைப்பேன்."

தாமரை பொதுப்பக்கத்தில் இன்னொரு வரி சேர்த்தாள்: சாதாரண இரும்புக் கடப்பாரையே போதும்.

இக்ராம் அதைப் படித்தான். தோளைக் குலுக்கிவிட்டு, அதே எச்சில் கையால் என் தட்டிலிருந்து ஒரு துண்டு இறைச்சியை எடுத்துக்கொண்டான். தட்டை அவன் பக்கமே தள்ளிவிட்டு நான் கை கழுவப் போனேன்.