பச்சையாக்கிய கட்டம்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. கும்மிடிப்பூண்டி ரயிலில் ஒரு பெண் சொன்னது. கேட்ட கோபம் ஆறுவதற்குள் எழுத உட்கார்ந்தேன். முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘சிப்காட்டின் புகைபோக்கிகளுக்கு மேலே மெல்லப் பொழுது விடிந்து...’ அடித்துவிட்டேன். மோசஸ் என்ற தொழிலாளியின் கையைப் பற்றிச் சொல்ல வந்தவனுக்கு விடியல் எதற்கு?

2

அவளுக்குச் சுகிர்தா என்று பெயர் வைத்திருக்கிறேன். அத்திப்பட்டுக்காரி. இரும்பு வார்ப்பாலை ஒன்றில் ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டர் பார்த்தவள். ஆறு சனிக்கிழமை புராஜெக்ட் மேனேஜ்மென்ட் வகுப்புக்கு அனுப்பிவிட்டு, ஒரு மென்பொருள் வேலையை அவள் தலையில் கட்டினார்கள்.

வேலை இதுதான். மெஷினைப் பழுதுபார்க்கிறவர் கை வைக்குமுன், கரண்ட் நிறுத்தியாயிற்று என்று எலெக்ட்ரீஷியன் தாளில் கையெழுத்துப் போட்டுத் தருவார். அந்த அனுமதி இனிமேல் செல்போனில் வரும்.

வகுப்பில் சொன்னபடி ஆபத்துகளைப் பட்டியல் போட்டாள். தீர்ந்ததற்குப் பச்சை, தீராததற்குச் சிவப்பு. சோதித்தபோது ஒரு பிழை அகப்பட்டது: நெட்வொர்க் போய்விட்டால், முந்தின நாள் அனுமதியே திரையில் ‘ஓகே’ என்று நிற்கிறது. அந்தக் கட்டத்தைச் சிவப்பாக்கினாள்.

3

ஆலை மேலாளர் ஆதிகேசவன் மேசையைக் குத்தி...

[இல்லை. அவரை வில்லனாக்கப் பார்த்தேன். அவர் குரலை உயர்த்துகிறவரே இல்லை என்றாள் சுகிர்தா.]

“திங்கக்கெழம கஸ்டமர் வராங்கம்மா. ஒரே ஒரு கட்டம் செவப்பா இருந்தா நல்லாவா இருக்கும்? பச்சையாக்கிடு. அப்பால சரி பண்ணிக்கலாம்.”

அவளோடு சோதனை செய்த ஐந்து பேரும் அறையில்தான் இருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

4

செல்போன் அனுமதி நடைமுறைக்கு வந்த பதினோராம் நாள், ஃபிட்டர் மோசஸ் கன்வேயர் பெல்ட்டுக்குள் கை விட்டார். பெல்ட் ஓடியது. வலக்கையில் மூன்று விரல்கள் போயின.

ஆஸ்பத்திரியில் அவர் அவளிடம் ஒன்றுதான் கேட்டார்.

“போன்ல ஓகேன்னு இருந்துச்சும்மா. பாத்துட்டுதான் கைய வச்சேன். நம்ப மாட்டேன்றாங்க. நீ சொல்லு, இருந்துச்சா இல்லியா?”

புராஜெக்ட் முடிந்ததும் ‘கற்ற பாடங்கள்’ என்று ஒரு பக்கம் நிரப்ப வேண்டும். ஆதிகேசவன் அதை முன்னமே நிரப்பி அனுப்பியிருந்தார்: ‘தொழிலாளியின் கவனக்குறைவு.’ அவள் பெயர் போட்டால் போதும்.

5

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் ராஜினாமாக் கடிதத்தை ஆதிகேசவன் முகத்தில் எறிகிறாள். மற்றதில் குடும்பத்தை நினைத்து அழுதுகொண்டே பெயர் போடுகிறாள். படித்துவிட்டுச் சுகிர்தா போனில் பொரிந்தாள்.

“ஒண்ணுல தியாகி, ஒண்ணுல பாவப்பட்டவ. இன்னாங்க இது? கலர மாத்தினது என் கை. அத எழுதினீங்களா?”

எழுதியிருக்கவில்லை. என் கோபம் முழுக்க ஆதிகேசவன் மேலேயே இருந்தது. அவளுடையது அவளையும் விடவில்லை.

6

நடந்தது இது. ஆதிகேசவனின் வரியை அழித்துவிட்டு அவள் எழுதினாள்: ‘பிழை சோதனையிலேயே தெரியும். பச்சையாக்கச் சொன்னவர் ஆதிகேசவன். ஆக்கியவள் சுகிர்தா.’ தொழிற்சாலை ஆய்வாளருக்கு அனுப்பினாள். அன்றே அவளை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள்.

வருகிற வியாழக்கிழமை விசாரணை. சிவப்புக் கட்டம் இருந்த பழைய பட்டியல் சர்வரில் இல்லையாம். சிவப்பைப் பார்த்த ஐந்து பேர்தான் சாட்சி. யாரும் அவள் போனை எடுப்பதில்லை.

மூன்றாவது முடிவை நான் எழுதப்போவதில்லை. ஐவரில் ஒருவருக்கு வீட்டுக்கடன் இருக்கிறது, ஒருவருக்குப் பதவி உயர்வு நெருங்குகிறது என்று நியாயம் அடுக்க எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கு வந்தால் நீங்களே அடுக்கிக்கொள்ளுங்கள். பிறகு போய் மோசஸின் கட்டிலருகே நின்று அதைப் படித்துக் காட்டுங்கள்.